பல் போன பல்சக்கரத்துக்கு ஒட்டா, புதியதா?

கேள்வி (கும்பகோணம் அருகிலிருந்து ஒரு தச்சர்): மூடிவிட்ட மர அறுவை மில்லிலிருந்து பழைய இங்கிலாந்துத் தயாரிப்பான திக்னஸ் பிளானர் (பலகையை ஒரே தடிமனாக இழைக்கும் இயந்திரம்) ஒன்றை வாங்கினேன். உடம்பில் விரிசல் இல்லை, மேடை மட்டம் பிசகவில்லை. மரத்தை உள்ளே இழுக்கும் உருளையின் பல்சக்கரத்தில் மட்டும் அடுத்தடுத்து மூன்று பற்கள் உடைந்திருக்கின்றன. உள்ளூர் லேத் பட்டறைக்காரர், பற்றவைத்து அரத்தால் தீட்டித் தருவதாகச் சொல்கிறார். திருச்சியில் ஒருவர் புதிதாகவே வெட்டித் தருவாராம், ஆனால் கூலி பல மடங்கு. எது சரி?

பதில்: புதிதாக வெட்டுவதுதான் சரி. ஒரே ஒரு பல் போயிருந்தால் உள்ளூர்க்காரரிடமே கொடுக்கச் சொல்லியிருப்பேன். பல் இருந்த இடத்தில் துளையிட்டு, மரை போட்ட இரும்பு ஆணிகளை வரிசையாக இறக்கி, பல் வடிவில் அரத்தால் தீட்டுவது பழைய முறை. மெதுவாகச் சுற்றும் சக்கரத்துக்கு அது போதும். மூன்று பற்கள் சேர்ந்தாற்போல் போனால் அந்த ஒட்டு தாங்காது. வார்ப்பிரும்பைச் சாதாரண ராடால் பற்றவைத்தாலோ, ஒட்டிய விளிம்பு கண்ணாடிபோல் இறுகிவிடும். அரம் வழுக்கும், பக்கத்திலேயே புது விரிசலும் ஓடும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒன்று பாருங்கள். சக்கரத்தைக் கழற்றிவிட்டு உருளையைக் கையால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். பிசின் அப்பியோ, அச்சைத் தாங்கும் உலோக வளையமான புஷ் எண்ணெய் காணாமல் இறுகியோ இருந்தால் பல் உடைந்ததற்குக் காரணம் அதுதான். அதைச் சரிசெய்யாமல் புதுச் சக்கரம் மாட்டினால் அதன் பல்லும் போகும்.

அடுத்தது அளவு. பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். பழைய இங்கிலாந்து இயந்திரங்களின் பற்கள் இன்ச் கணக்கில், டி.பி. (டயமெட்ரல் பிட்ச்) என்ற அளவில் வெட்டப்பட்டவை. இன்று நம் பட்டறைகளில் அதிகம் இருப்பவை மாட்யூல் கட்டர்கள், அதாவது மில்லிமீட்டர் கணக்கு. கண்டுபிடிப்பது எளிது. பற்களை எண்ணி (உடைந்தவற்றையும் சேர்த்து) இரண்டைக் கூட்டுங்கள். அதைச் சக்கரத்தின் வெளிவிட்டத்தால், இன்ச்சில், வகுங்கள். 30 பற்கள், வெளிவிட்டம் 4 இன்ச் என்றால் 32-ஐ 4-ஆல் வகுக்க 8 டி.பி. முழு எண் வந்தால் பெரும்பாலும் இன்ச் சக்கரமேதான். இதை மாட்யூலாக மாற்ற 25.4-ஐ 8-ஆல் வகுத்தால் 3.175 வரும். “மூன்று மாட்யூல் கட்டர் இருக்கிறது, கிட்டத்தட்ட அதுதான்” என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 30 பல் சக்கரங்கள் இரண்டு 8 டி.பி.யில் ஜோடி சேர்ந்தால் அச்சுகளுக்கு நடுவே 95.25 மி.மீ. இருக்கும். மூன்று மாட்யூலில் அது 90 மி.மீ. உங்கள் இயந்திரத்தின் அச்சுத் துளைகள் நகரப்போவதில்லை. ஐந்து மில்லிமீட்டர் விலகி நிற்கும் பற்கள் ஒன்றையொன்று கடிக்காது.

டி.பி. சரியாக இருந்தாலும் பல்லின் சாய்வுக் கோணம் வேறாக இருக்கலாம். பழையவை பெரும்பாலும் 14½ டிகிரி, இப்போதைய வழக்கம் 20 டிகிரி. ஆகவே உடைந்த சக்கரத்தோடு அதன் ஜோடியையும் கழற்றி எடுத்துப் போங்கள். ஜோடியைப் பார்க்காமலே விலை சொல்பவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம் என்பது என் கட்சி.

உலோகம்? பழையது வார்ப்பிரும்பு என்றால் புதியதும் வார்ப்பிரும்பாகவே இருக்கட்டும். “எஃகில் செய்தால் உடையவே உடையாது” என்று சிலர் ஆசை காட்டுவார்கள். மரம் இறுகிச் சிக்கும்போது எங்கோ ஓரிடம் விட்டுக்கொடுத்தாக வேண்டும். மலிவான பல்லுக்குப் பதில் உருளையின் அச்சு முறுக்கிக்கொண்டால் செலவு அதிகம்.

கேள்வி (வேதாரண்யம்): 2018 கஜா புயலில் பட்டறைக் கூரை சரிந்து, பேண்ட் சாவின் ரம்பத்துக்கு வழிகாட்டும் தாங்கியும் கைச்சக்கரமும் உடைந்துவிட்டன. உடைந்த துண்டுகளை ஒட்டவைத்து அதையே மாதிரியாகக் கொடுத்தால் ஃபவுண்டரியில் வார்த்துத் தருவார்களா?

பதில்: வார்த்துத் தருவார்கள், ஆனால் வருவது சிறியதாக வரும். உருகிய வார்ப்பிரும்பு குளிரும்போது சுருங்குகிறது, தச்சர் கணக்கில் சொன்னால் அடிக்கு ஒரு நூல் (அரைக்கால் இன்ச்). ஓரடிக் கைச்சக்கரம் ஒரு நூல் குறைந்து வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. தாங்கி அப்படியல்ல, அதன் துளைகள் இயந்திர உடம்பிலுள்ள துளைகளோடு ஒத்துப்போக வேண்டும்.

மாதிரியை நீங்களே மரத்தில் செய்துகொள்ளலாம். ஃபவுண்டரிகளுக்கு மாதிரி செய்து தருவது காலங்காலமாகத் தச்சு வேலைதான். அதற்குத் தனிக்கூலி கேட்பார்கள், உங்களுக்கு அது மிச்சம். நன்றாகக் காய்ந்த தேக்கு எடுங்கள். எல்லா அளவையும் அடிக்கு ஒரு நூல் கூட்டுங்கள். பிறகு கடைசல் பிடிக்க வேண்டிய பரப்புகளில் மட்டும் மேலும் ஒரு நூல் தடிமன் விடுங்கள். மாதிரியை மண்ணில் பதித்துத்தான் அச்சு எடுப்பார்கள், அதனால் மண்ணிலிருந்து மேலெழும் பக்கங்களுக்கு ஒன்றிரண்டு டிகிரி சாய்வு கொடுங்கள், இல்லாவிட்டால் எடுக்கும்போது மண் அச்சு இடியும். உள்மூலைகளை மெழுகாலோ புட்டியாலோ உருட்டிவிடுங்கள். கூர்மையான உள்மூலையில்தான் வார்ப்பு விரிசல் விடும். சிறு துளைகளை மாதிரியில் போடாதீர்கள், வார்த்த பிறகு துளையிட்டுக்கொள்ளலாம். மேலே வார்னிஷ் பூசிக் கொடுத்தால் ஈரமண் ஒட்டாது. வேலை முடிந்ததும் மாதிரியைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் சொத்து.

ரம்பம் ஓடும் பெரிய சக்கரத்துக்கு இந்த யோசனை பொருந்தாது. அது சமநிலை பார்த்துச் செய்ய வேண்டியது, அனுபவமுள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும்.

கேள்வி (திருவாரூர்): புஷ் தேய்ந்துவிட்டது. நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்ப்பவர்களிடம் பித்தளையில் ஒன்று வார்த்து வாங்கலாமா? பக்கத்தில்தானே இருக்கிறது.

பதில்: வார்க்கும் கைத்திறனில் அவர்களுக்குக் குறையில்லை. உலோகம்தான் பொருந்தாது. விளக்குப் பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. அச்சு உரசும் புஷ்ஷுக்கு வெள்ளீயம் கலந்த கன்மெட்டல் வேண்டும். நூற்றில் 88 பங்கு செம்பு, 10 வெள்ளீயம், 2 துத்தநாகம் என்பது அதன் பழைய கலவை. கன்மெட்டல், நடுவில் துளையுள்ள தண்டாகவே உலோகக் கடைகளில் எடைக்குக் கிடைக்கிறது. வேண்டிய நீளம் அறுத்து வாங்கிக் கடைந்துகொண்டால் வார்க்கவே தேவையில்லை. எண்ணெய் ஓடும் பள்ளத்தைப் பழைய புஷ்ஷில் உள்ளபடியே வெட்டச் சொல்லுங்கள், பலரும் மறப்பது அதைத்தான். ஒருவேளை பழைய புஷ் வெள்ளி நிறத்தில், கத்தி முனையால் எளிதாகக் கீறுமளவு மென்மையாக இருந்தால் அது வெள்ளை மெட்டல். அதை உருக்கி மறுபடி ஊற்றும் வேலை தெரிந்தவரைத் தேடுங்கள்.

கேள்வி (நாகப்பட்டினம்): பழைய இங்கிலாந்து இயந்திரத்துக்கு அரை இன்ச் போல்ட் வாங்கிப் போட்டேன். இரண்டு சுற்று போய் இறுகி நின்றுவிட்டது. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார்.

பதில்: கடைக்காரர் கொடுத்தது அரை இன்ச் போல்ட்தான், மரை வேறு. பழைய இங்கிலாந்து மரையான விட்வொர்த்தில் அரை இன்ச்சுக்கு, இன்ச்சுக்கு 12 மரை. நீங்கள் வாங்கியது அமெரிக்க முறையாக இருக்கும், அதில் 13. கால் இன்ச், முக்கால் இன்ச் போன்ற வழக்கமான மற்ற அளவுகளில் இரண்டுக்கும் எண்ணிக்கை ஒன்றே, கோணம் மட்டும் வேறு. அதனால் அவை ஒருவாறு ஏறிவிடும், அரை இன்ச் மட்டும் மாட்டிக்கொள்ளும். அடுத்த முறை பழைய போல்ட்டைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே நட்டு போட்டுப் பார்த்து வாங்குங்கள். ஸ்பேனரால் பலவந்தமாக முறுக்காதீர்கள். வார்ப்பிரும்பிலுள்ள மரை போனால் இதைவிடப் பெரிய செலவு.

கேள்வி (மயிலாடுதுறை): கையால் தள்ளி இழைக்கும் பழைய பிளானர் ஒன்று பழைய இரும்பு விலைக்கு வருகிறது. கத்திகள் மாட்டிச் சுற்றும் கட்டை (கட்டர் பிளாக்) சதுரமாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். சதுரக் கட்டைக்கும் மேடை விளிம்புக்கும் நடுவே பெரிய இடைவெளி விழும். கை தவறினால் விரல் உள்ளே ஆழமாக இழுக்கப்படும். இங்கிலாந்தில் கையால் தள்ளும் பிளானருக்கு உருளைக் கட்டைதான் வேண்டும் என்று விதியே கொண்டுவந்தார்கள். உருளைக் கட்டை செய்து மாற்றலாமே என்று கேட்பீர்கள். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும் பொருள் அது. அதை வார்க்கவும் கூடாது, பக்கத்து லேத்தில் கண்ணளவில் கடையவும் கூடாது. சமநிலை பார்த்துத் தரும் நிறுவனத்திடம் வாங்கினால் விலை இயந்திரத்தையே மிஞ்சும். உருளைக் கட்டையுள்ள இயந்திரம் வைத்திருப்பவர்களும் கத்தியைப் பிடிக்கும் போல்ட்டுக்குத் தலையில் 8.8 அல்லது அதற்கு மேற்பட்ட வலிமை முத்திரை உள்ளதையே வாங்குங்கள்.

கேள்வி (மன்னார்குடி): ஒரு பட்டறையில் முன்பணம் கொடுத்துச் செய்த இயந்திர அச்சு பொருந்தவில்லை. “நீ கொடுத்த அளவு தப்பு” என்கிறார்கள். தொழிலுக்கு வாங்கியது என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்றும் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை நுகர்வோர் கணக்கில் சேர்ப்பதில்லை, உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்கென்றே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கமாகாது என்று அதே சட்டம் விளக்குகிறது. நீங்களே நின்று வேலை செய்யும் தச்சர் என்றால் தாராளமாகப் போகலாம். ஆட்கள் வைத்து நடத்தும் பெரிய மில் என்றால் வழக்கு சிக்கலாகும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே மனுப் போடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லிப் பாருங்கள்.

சிக்கல் சட்டத்தில் இல்லை, சாட்சியத்தில் இருக்கிறது. வாயால் சொன்ன அளவுக்கு சாட்சி ஏது? படம் வரைந்து, விட்டம், நீளம், மரை, உலோகம் எல்லாம் எழுதி, பட்டறைக்காரரிடம் கையெழுத்து வாங்கிய நகல் இருந்தால்தான் “அளவு தப்பு” என்பது யாருடைய தப்பு என்று தெரியும். பழைய அச்சைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? மனுவோடு காட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி (பாபநாசம்): பழைய பேரிங் கிடைக்கவில்லை. ஒரு இன்ச் அச்சைச் சற்றுக் கடைந்து 6205 என்ற எண்ணுள்ள மில்லிமீட்டர் பேரிங்கைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள்.

பதில்: 6205-இன் துளை 25 மி.மீ., உங்கள் அச்சு ஒரு இன்ச், அதாவது 25.4. அந்த 0.4-ஐக் கடைந்தெடுத்துவிட்டால் திரும்ப ஒட்டவைக்க முடியாது. தேய்ந்த பேரிங்கின் பக்கத்தில் உள்ள எண்ணைத் துடைத்துப் படித்து, அதையே கடையில் சொல்லிக் கேளுங்கள். இன்ச் பேரிங் இன்றும் தயாராகிறது. கடைக்காரர் வரவழைத்துத் தரச் சில நாள் ஆகும், அதுவரை பொறுங்கள்.