பண்ணை மீனுக்குத் தீனி எங்கிருந்து வருகிறது?

கேள்வி (தாண்டிக்குடி வாசகி): வத்தலக்குண்டில் கொடுவாவையும் இறாலையும் ‘பண்ணைச் சரக்கு’ என்று சொல்லித்தான் தருகிறார்கள். பண்ணை மீனைத் தின்றால் கடல் மீன் பிழைக்கும் என்று நானும் அதையே வாங்குகிறேன். சரிதானே?

பதில்: உங்கள் எண்ணம் நல்லது, ஆனால் எல்லா மீனுக்கும் அது பொருந்தாது. கொடுவா மற்ற மீனைப் பிடித்துத் தின்கிற சாதி. பண்ணையில் விட்டாலும் அதற்குச் சாளை, காரல் மாதிரி சின்ன மீனை வெட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் மீன்தூள் கலந்த தீவனம் போட வேண்டும், அந்த மீன்தூளும் கடலில் அள்ளியதுதான். கண் சிறுத்த மடிவலையில் பெரிய மீன்களின் குஞ்சுகளும் சேர்ந்து சிக்கி அப்படியே மீன்தூள் ஆலைக்குப் போய்விடுகின்றன. பச்சை மீனாகப் போட்டு வளர்த்தால் ஒரு கிலோ கொடுவாவுக்குப் பல கிலோ சின்ன மீன் செலவு. இதில் கடலுக்கு ஓய்வு எங்கே?

இறால் கதை இன்னும் மோசம். அறுவடை நாளில் மதகைத் திறந்தால் மிச்சத் தீவனமும் இறால் கழிவும் மக்கிய கறுப்புச் சேறு, அழுகின முட்டை நாற்றத்தோடு வாய்க்காலில் இறங்கிக் கழிமுகத்துக்குப் போகும், மீன் குஞ்சுகள் வளர்கிற இடமே அதுதான். 1994-95இல் வெள்ளைப்புள்ளி நோய் நம் பண்ணைகளை அழித்தபோது குளத்தோடு அது முடிந்துவிடவில்லை, அந்த வைரஸ் கடல் இறாலுக்கும் நண்டுக்கும் தொற்றக்கூடியது. 2009இல் வனாமி என்கிற வெளிநாட்டு இறால் வந்தபின் அதன் தாய் இறாலையும் வளர்ப்பிலிருந்தே எடுக்கிறார்கள், அதனால் தாய் இறாலுக்காகக் கடலைத் துழாவுவது குறைந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

உங்கள் பக்கத்துக் காபி இறங்குகிற பட்டிவீரன்பட்டியில் பிறந்த காந்தியவாதி கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் ஜெகந்நாதனும்தான் நாகைப் பக்கம் இந்தப் பண்ணைகளை எதிர்த்து நின்றவர்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள், அதாவது தொழில்களுக்குக் கட்டுப்பாடு உள்ள கடற்கரைப் பகுதிக்குள் இருந்த இறால் குளங்களை அகற்றச் சொன்னது. ஆனால் 2005இல் வந்த சட்டம், பதிவு செய்துகொண்டு பண்ணை நடத்த வழிவிட்டது. எனக்கு அதில் இன்றைக்கும் ஆற்றாமைதான். மலையடிவாரத்துப் பெண் ஒருவர் கடற்கரைக்காக அவ்வளவு பாடுபட்டது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

கேள்வி (பண்ணைக்காடு வாசகர்): அப்படியானால் எதைத்தான் வாங்குவது?

பதில்: பண்ணை மீன்தான் வேண்டும் என்றால் கட்லா, ரோகு வாங்குங்கள். குளத்து மீன், தவிட்டிலும் கடலைப் புண்ணாக்கிலும் வளர்ந்துவிடும். சிப்பிக்குத் தீவனமே வேண்டாம், கடல்நீரை வடிகட்டியே வயிறு நிறைத்துக்கொள்ளும், ஆனால் அது மலைக்கு வருவது அபூர்வம். சாளை நல்லதாகக் கிடைத்தால் நேராக அதையே குழம்பு வையுங்கள், கொடுவாவுக்குப் போட்டு வளர்த்து அப்புறம் கொடுவாவைத் தின்பதைவிட அது எவ்வளவோ மேல். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், கடல் மீன் வரத்து குறையும். அந்த இரண்டு மாதமும் கட்லாவை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம்.