புத்தகம் வாங்கிக் கொடுத்தாலும் படிக்காதவர்களை எப்படிப் படிக்க வைப்பது?

கேள்வியோடு நீங்கள் சேர்த்து எழுதியிருப்பது இவ்வளவுதான்: புத்தகக் கண்காட்சிக்குப் போய் மனைவிக்காகப் பார்த்துப் பார்த்து ஒரு நாவல் வாங்கி வந்தீர்கள், மேலே சுற்றிய பிளாஸ்டிக்கூடப் பிரிக்காமல் அது டிவிக்குப் பக்கத்தில் கிடக்கிறது, நண்பர்களுக்குப் பிறந்தநாளுக்குக் கொடுத்ததும் அதே கதி, இவர்களுக்கு வாசிப்பு ருசியை எப்படிக் காட்டுவது?

உங்களை எனக்குத் தெரியாது. ஆனாலும் நானே ஊகித்துக்கொள்கிறேன், முப்பதுகளில் இருப்பீர்கள், கல்யாணமாகி நாலைந்து வருடம் ஆகியிருக்கும், வாங்கிக் கொடுத்த நாவல் எழுநூறு பக்கத்துக்குக் குறையாது, கொடுத்த மறுவாரமே "எது வரைக்கும் வந்திருக்க?" என்று கேட்டும் இருப்பீர்கள். இப்படிக் கேட்டால் எனக்கே படிக்கத் தோன்றாது. பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் கேட்கிற மாதிரி இருக்கும்.

இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் மனைவி போனில் என்ன செய்கிறார் என்று பார்த்திருக்கிறீர்களா? எனக்குத் தெரிந்து எத்தனையோ பெண்கள் ராத்திரி பதினொரு மணிக்குமேல் பிரதிலிபி என்ற கதை ஆப்பில் தொடர்கதை படிக்கிறார்கள், அடுத்த அத்தியாயம் வரவில்லை என்றால் எழுதியவரைக் கமெண்டில் திட்டவும் செய்கிறார்கள். வீட்டுக்காரருக்கு அது வாசிப்பில் சேர்த்தி இல்லை, போன் நோண்டுவது. சரி, அது உங்கள் வீட்டு விஷயம், உள்ளே வரவில்லை.

என் பதில் ஒரு வரிதான். படி என்று கொடுக்காதீர்கள், நீங்களே படித்துக் காட்டுங்கள், வாய்விட்டு. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால் நான் அப்படி ஓர் இடத்தில் வளர்ந்தவள்.

எங்கள் ஊர் முக்கூடல் பக்கம். தாமிரபரணிக் கரையில் அந்த வட்டாரம் முழுக்கப் பீடி சுற்றுகிற ஊர்கள். அம்மா, ஆச்சி, சித்தி, வளவில் (ஒரே வாசலுக்குள் சேர்ந்தாற்போல் இருக்கிற வீடுகளை எங்கள் பக்கம் வளவு என்போம்) இருக்கிற மற்ற பெண்கள் எல்லோருக்கும் அதுதான் வேலை. முந்தின ராத்திரியே இலையை நனைத்து ஈரச் சாக்கில் பொதிந்து வைப்பார்கள். காலையில் தகட்டை வைத்து அளவாக வெட்டுவார்கள். வீட்டுச் சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கு விரட்டுவது எல்லாம் முடிந்த பிறகு மடியில் தட்டை வைத்துக்கொண்டு திண்ணையில் வரிசையாக உட்கார்ந்தால் சாயங்காலம் பீடிக்கடைக்குக் கொண்டுபோகும் வரை எழுந்திருக்க மாட்டார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சுற்றியது தளர்ந்திருக்கிறது, நூல் சரியில்லை என்று கடையில் கழித்துவிட்டால் அந்த இலையும் தூளும் நம் தலையில்.

இந்த வேலைக்குக் கண்ணும் கையும் போதும். காதும் வாயும் சும்மாதான் இருக்கும். ஊர்க்கதை எவ்வளவு நேரம் பேசுவது, அதுவும் தீர்ந்துபோகும். அதனால் வார இதழ் வந்தவுடன் வளவில் ஓரளவு நன்றாகப் படிக்கத் தெரிந்த யாராவது தொடர்கதையைச் சத்தமாகப் படிக்க வேண்டும். பள்ளி விடுமுறை நாட்களில் அது நான். எனக்கு முன்னால் எங்கள் சித்தி, அவள் கட்டிக்கொண்டு போன பிறகு அந்தப் பதவி எனக்கு வந்தது. பதவி என்று சும்மா சொல்லவில்லை, அதற்குக் கூலியும் உண்டு. படிக்கிற நேரத்தில் நான் அம்மாவுக்கு நூல் கட்டிக் கொடுக்க முடியாது இல்லையா, அதற்கு ஈடாக ஆளுக்குக் கொஞ்சம் பீடியை எண்ணி அம்மா தட்டில் போட்டுவிடுவார்கள். கேட்டு வாங்கியது இல்லை. ஆனால் யாராவது போட மறந்தால் ஆச்சி, "கதை மட்டும் ஓசியில கேக்கணுமோ?" என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

சத்தமாகப் படிப்பதில் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஒரே மூச்சில் ஒப்பித்தால் "ரயிலுக்கா போற?" என்பார்கள். இழுத்தால் கொட்டாவி வரும். வர்ணனை நீளமாகப் போனால் யாரோ ஒருத்தி பக்கத்தில் இருப்பவளிடம் ரேஷன் கடையில் பாமாயில் வந்துவிட்டதா என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவாள், அந்தப் பத்தியைத் தாண்டிவிட வேண்டியதுதான். மாமியார் பேசுகிற இடத்தில் கொஞ்சம் குரலை மாற்றினால் போதும், எல்லாக் கையும் நின்றுவிடும். உடனே ஆச்சியின் குரல் வரும்: "ஏட்டி, அவ வாய் படிக்கட்டும், ஒங்க கைக்கு என்ன?" இலையில் பாதி சுற்றியபடியே அப்படியே பிடித்துக்கொண்டு, "அவன் லெட்டர அவ பாத்துட்டாளா இல்லையா, அத முதல்ல சொல்லு" என்று கேட்பார்கள். தொடரும் என்று முடியும்போது எழுத்தாளருக்கு விழ வேண்டிய வசவு எல்லாம் எனக்கு விழும்.

அந்தக் கூட்டத்தில் ஒரு மதினி இருந்தாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக்கூட்டத் தெரியும், ஆனால் ஒரு பக்கம் முடிப்பதற்குள் ஆரம்பத்தில் என்ன படித்தோம் என்பது மறந்துவிடும் என்பாள். நான் படித்து முடித்தபின் புத்தகத்தைக் கேட்பாள், "படம் பாக்கணும்ட்டி" என்று. படத்தைப் பார்ப்பாள். அப்புறம் கைவிரலில் இருக்கிற புகையிலைத் தூளைச் சேலையில் துடைத்துவிட்டு, சற்று முன் கேட்ட அதே பக்கத்தில் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக நகர்த்துவாள். என்ன வரப்போகிறது என்று முன்பே தெரியும், அதனால் எழுத்துத் தடுக்கினாலும் சொல் வந்துவிடும். எனக்கு அப்போது அது புரியவில்லை, கேட்ட கதையையே ஏன் இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச காலத்தில் நான் படிப்பதற்கு முன்பே அவள் புரட்டியிருப்பாள், நான் தாண்டிவிட்ட பத்தியைக்கூடப் பிடித்துவிடுவாள்! "நடுவுல அந்த ஆத்தங்கரை விஷயத்த விட்டுட்டியே" என்பாள். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டாள், ஊர்ப்புற நூலகத்தில் அவள் எடுக்காத நாவல் குறைவு. அவளுக்கு யாரும் வாசிப்பின் அருமையைப் பற்றிச் சொற்பொழிவு நடத்தவில்லை.

இது எங்கள் வளவில் மட்டும் நடந்த அதிசயம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறகு கேரளாவில் கண்ணூர்க்காரத் தோழி ஒருத்தி சொன்னாள், அவர்கள் பக்கம் பீடித் தொழிலாளர்கள் ஒருவரைப் படிக்க உட்கார வைப்பார்கள், காலையில் செய்தித்தாள், பிறகு நாவலோ அரசியல் புத்தகமோ, அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். அங்கே 1969இல் தொடங்கிய தினேஷ் பீடிக் கூட்டுறவுச் சங்கத்திலும் இந்தப் பழக்கம் தொடர்ந்தது. கியூபாவில் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதலே இது இருக்கிறது. தொழிலாளர்கள் காசு போட்டுச் சம்பளம் கொடுத்து ஒருவரை வைத்துக்கொண்டார்கள், எந்த நாவல் படிப்பது என்பதையும் அவர்களேதான் முடிவு செய்தார்கள். மான்டிகிறிஸ்டோ என்ற சுருட்டின் பெயரே அப்படிப் படிக்கக் கேட்ட நாவலில் இருந்து வந்தது என்பார்கள். அமெரிக்காவில் டாம்பா நகரச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1931இல் முதலாளிகள் இந்த வாசிப்பாளர்களை எடுத்துவிட்டார்கள், தொழிலாளர்களுக்கு அரசியல் ஏறுகிறது என்று பயம். அவர்கள் இருந்த இடத்துக்கு வானொலி வந்தது. எங்கள் வளவில் எந்த முதலாளியும் தடுக்கவில்லை, டிவி வந்தது, மெகா சீரியல் வந்தது, அவ்வளவுதான்.

கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். பீடியைப் புனிதமாக்க வரவில்லை. அந்தத் தூள் நெடியில் உட்கார்ந்து உட்கார்ந்து அம்மாவுக்கு இன்றைக்கும் இருமல் நிற்கவில்லை. பிள்ளைகள் நூல் கட்டிக் கொடுத்தது நல்ல விஷயம் என்றும் சொல்லவில்லை. "வார இதழ்த் தொடர்கதை எல்லாம் இலக்கியமா?" என்று கேட்கிறவர்களுக்கு: இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வழக்கு இல்லை. ஆனால் நம் ஊரில் கதை என்பது ரொம்ப காலம் காதால்தான் ஊருக்குள் போனது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிப்பது, புரட்டாசியில் வீட்டில் ராமாயணம் வாசிப்பது, காயல்பட்டினம் மாதிரி ஊர்களில் சீறாப்புராணம் ஓதுவது எல்லாம் ஒருவர் படிக்கப் பலர் கேட்பதுதானே. திருவிழாக் கடைகளில் 'பெரிய எழுத்து' என்று போட்டு விற்ற கதைப் புத்தகங்களும் விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் படிக்க நாலு பேர் கேட்கத்தான் வசதி. தனியாக மூலையில் உட்கார்ந்து மௌனமாகப் படிப்பதுதான் உயர்ந்த வாசிப்பு என்று எப்போது முடிவானது, யார் முடிவு செய்தது என்று எனக்குத் தெரியாது.

இதைச் சொல்ல ஆரம்பித்தால் இன்னொரு எரிச்சலும் கூடவே வருகிறது, உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் பென்ஷன் விஷயமாக ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். பழைய பாஸ் புத்தகத்தில் அவள் பெயரின் கடைசியில் 'ள்' இல்லை, ஆதாரில் இருக்கிறது, இந்த ஓர் எழுத்துக்காக எத்தனை நடை! கடைசியில் கையெழுத்துப் போடும் நேரம் வந்தபோது மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த தம்பி, அம்மாவின் சேலையையும் விரலையும் பார்த்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை, மைப் பெட்டியை நகர்த்தி வைத்தார். அம்மா பெயர் எழுதுவாள். அது மட்டுமா, முப்பது வருடத்துக்கு முன் கேட்ட நாவலை யார் யாருக்கு என்ன உறவு என்பது வரை இன்றைக்கும் சொல்வாள். நான் வாயைத் திறப்பதற்குள் விரலை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். பஸ்ஸில் வரும்போது, "ரெண்டு நிமிசத்துல முடிஞ்சுதுல்லா, விடு" என்கிறாள். அவ்வளவு வருடம் சுற்றியதற்கு மாதம் ஆயிரம் ரூபாய், அதையும் கைநாட்டு என்று முடிவு செய்துவிட்டுத்தான் தருவார்கள். சரி, விடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார், பாடப் புத்தகத்துக்கு அப்புறம் ஒரு புத்தகம் தொட்டவர் இல்லை, தொடச் சொல்லி நான் கேட்டதும் இல்லை. ஊருக்குக் காரில் போகும்போது அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டு வருவேன். ஒரு தடவை எனக்கே சிரிப்பு வந்த ஒரு பக்கத்தை அவருக்கும் படித்துக் காட்டினேன். "சரி, அப்புறம்?" என்றார். அப்புறம் என்ன, விருதுநகர் தாண்டி சாத்தூர் வரை படித்துக்கொண்டே போனேன். வழக்கமாக அங்கே காராச்சேவு வாங்க அவர்தான் முதலில் கதவைத் திறப்பார். அன்றைக்குக் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, எஞ்சினையும் அணைக்காமல், "இன்னும் ரெண்டு பக்கம்தானே இருக்கு, முடிச்சிட்டு இறங்கலாம்" என்றார். இன்றைக்கும் அவராகப் புத்தகம் வாங்குவதில்லை. ஊருக்குக் கிளம்பும்போது "இந்தத் தடவை என்ன எடுத்திருக்க?" என்று கேட்கிறார், எனக்கு அது போதும். சிலருக்கு மதினி மாதிரி தானாகப் படிப்பது வரை போகும், சிலருக்குக் கேட்பதோடு நிற்கும். உங்கள் மனைவி எந்த ரகம் என்று இப்போதே கணக்குப் போடாதீர்கள்.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் கை வேலையாக இருக்கிற நேரம் பாருங்கள், கீரை ஆய்வார், துணி மடிப்பார். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாதிக் கீரையை ஆய்ந்து கொடுத்துவிட்டு ஆரம்பித்தால் இன்னும் நல்லது, எங்கள் வளவில் ஓசி கிடையாது என்று சொன்னேனே. ரெண்டு மூன்று பக்கம் போதும். பேச்சு அதிகமாக இருக்கிற கதையாக எடுங்கள். நல்ல இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போங்கள், "எப்படி இருந்தது?" என்று கேட்கவே கேட்காதீர்கள். அவர் போனில் படிக்கிற தொடர்கதையை உங்களுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், அதையும் முகம் சுளிக்காமல் கேளுங்கள். காசு போட்டுப் புத்தகம் வாங்கிக் குவிக்கவும் வேண்டாம், உங்கள் வீட்டு வரியிலேயே நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறீர்கள், ரசீதை எடுத்துப் பாருங்கள். கிளை நூலகத்தில் உறுப்பினர் ஆக ஆகிற செலவு ஒரு சினிமா டிக்கெட்டைவிடக் குறைவு. வெள்ளிக்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், பூட்டியிருக்கும்.

அந்த எழுநூறு பக்க நாவலைத்தான் படித்துக் காட்டுவேன் என்று அடம்பிடித்தால் தாராளமாகச் செய்யுங்கள், முன்னுரையை மட்டும் தாண்டிவிடுங்கள். முன்னுரையையும் சேர்த்துப் படித்து அதனால் வீட்டில் சண்டை வந்தால் நான் உங்கள் மனைவி பக்கம்தான்.