போர் நடக்கும் நாட்டில் பொதுமக்களையும் உதவிப் பணியாளர்களையும் எது காப்பாற்றுகிறது?

"சட்டம் இருந்தும் ஏன் சாகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. போர் விதிகளைச் சொல்லும் 1949 ஜெனீவா உடன்படிக்கைகள் நான்கிலும் பொதுவாக இருக்கும் 3ஆம் பிரிவு உள்நாட்டுப் போருக்கும் பொருந்தும். சண்டையில் இல்லாதவரைக் கொல்லக் கூடாது, காயம்பட்டவரைக் கவனிக்க வேண்டும். அரசுக்கும் ஆயுதக் குழுவுக்கும் ஒரே விதி.

ஆனால் நடைமுறையில் உயிரைக் காப்பது வெளியாட்களின் கண்ணும், தப்பிக்க ஒரு வழியும்தான் என்பேன். எங்கள் ராமேஸ்வரம் கரைக்கு எதிரே, இலங்கையில் நடந்ததையே பாருங்கள். 2006 ஆகஸ்டில் மூதூரில் ஒரு பிரெஞ்சு நிவாரண அமைப்பின் 17 உள்ளூர்ப் பணியாளர்கள் அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இதுவரை யாருக்கும் தண்டனை இல்லை. 2008 செப்டம்பரில் ஐ.நா.வின் வெளிநாட்டுப் பணியாளர்கள், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வடக்குப் பகுதியான வன்னியை விட்டு வெளியேறினார்கள். போகாதீர்கள் என்று மக்கள் வழிமறித்துக் கெஞ்சினார்கள். அப்புறம் செஞ்சிலுவைச் சங்கத்தைத் தவிர வெளியிலிருந்து பார்க்க ஆளே இல்லை என்ற நிலை. 2009இல் அரசு அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள்ளேயே ஷெல் விழுந்தது. வெளியேற முயன்றவர்களைப் புலிகள் தடுத்தார்கள், சுடவும் செய்தார்கள். புதுக்குடியிருப்பு மருத்துவமனை இருக்கும் இடம் இரு தரப்புக்கும் தெரியும், அதுவும் தாக்கப்பட்டது. செஞ்சிலுவைச் சங்கம் கப்பலில் காயம்பட்டவர்களை ஏற்றிச் சென்றதால்தான் பலர் பிழைத்தார்கள்.

சரி, கடல் வழியாக இங்கே வந்தவர்கள்? படகுக்காரர்கள் பலரை இருட்டோடு தனுஷ்கோடிக்கு அப்பால் மணல்திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கைக்குழந்தையும் ஒரு துணிப்பையுமாக, குடிக்கத் தண்ணீரில்லாமல் நிற்பவர்களை மீனவர்களோ கடலோரக் காவல்படையோ பார்த்து மீட்க வேண்டும். பிறகு மண்டபம் அகதி முகாம். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அதனால் முகாமில் கிடைக்கும் உதவித்தொகையும் அரிசியும் அரசாணைப்படி வருபவை. அகதிக்கென்று தனிச் சட்ட உரிமை கிடையாது.