சாயம் போச்சுன்னு ஒரு ஸ்டார்!

கேள்வி: அமேசானில் சுங்குடிச் சேலை விற்க ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. சேலை போகிறது, ரிவ்யூதான் வரமாட்டேன் என்கிறது. வந்த இரண்டில் ஒன்று, 'சாயம் போச்சு' என்று ஒரே ஸ்டார். தங்கை, நாத்தனாரை வாங்கி எழுதச் சொல்லவா? இல்லை, 'ஐந்து ஸ்டார் போட்டால் 50 ரூபாய்' என்று பாக்கெட்டில் சீட்டு வைக்கவா?
- வாசகி, மதுரை

பதில்: இரண்டுமே வேண்டாம் தாயீ. சொந்தக்காரர்கள் எழுதுவதையும், காசு கொடுத்து எழுத வைப்பதையும் அமேசான் தடை செய்திருக்கிறது, கணக்கையே முடக்கிவிடுவார்கள். விற்பவர் வாடிக்கையாளர் வேஷம் போட்டு ரிவ்யூ எழுதக் கூடாதென்று 2020-இல் வந்த மின்வணிக விதிகளும் சொல்கின்றன.

கேட்பதற்கு நேர்வழி உண்டு. விற்பவர்களுக்கென்று அமேசான் வைத்திருக்கும் செல்லர் சென்ட்ரல் தளத்தில் அந்தந்த ஆர்டரைத் திறந்தால் 'ரிக்வெஸ்ட் எ ரிவ்யூ' என்று ஒரு பட்டன் இருக்கும். டெலிவரி ஆன 5-ஆம் நாள் முதல் 30-ஆம் நாள் வரை, ஓர் ஆர்டருக்கு ஒரு முறை அழுத்தலாம். ரிவ்யூ கேட்கும் கடிதத்தை அமேசானே வாங்கியவருக்கு அனுப்பும், நாம் ஒரு வார்த்தை மாற்ற முடியாது. கரூரில் போர்வை விற்கும் நான் ஒரு வாரத்தில் அழுத்திவிடுவேன், போர்வை கைக்கு வந்த அன்று ராத்திரியே விரித்துவிடுவார்கள். சேலை அப்படியா? ஃபால்ஸ் தைத்து, ஒரு வெள்ளிக்கிழமை பார்த்துக் கட்ட வேண்டாமா? மூன்று வாரம் பொறுங்கள்.

ஆனால் உங்களுக்கு முதல் வேலை அந்தச் சாயம். சுங்குடியை முதல் தடவை கல்லுப்புத் தண்ணீரில் தனியாக அலச வேண்டும் என்று மதுரையில் எல்லோருக்கும் தெரியும். புனேயில் வாங்கியவருக்கு யார் சொன்னது? வாஷிங் மெஷினில் வெள்ளைச் சட்டையோடு போட்டிருப்பார். திருப்தியானவர் கட்டிக்கொண்டு பேசாமல் இருப்பார், சட்டை வீணானவர்தான் ராத்திரி உட்கார்ந்து எழுதுவார். அந்தச் சீட்டில் 50 ரூபாய்க்குப் பதில் இதை எழுதுங்கள்: "முதல் அலசு கல்லுப்புத் தண்ணீரில், தனியாக. நிழலில் உலர்த்தவும். கொஞ்சம் சாயம் இறங்கும்." தமிழோடு ஆங்கிலம், இந்தியிலும். கீழே, "கட்டிப் பார்த்து, நிறமும் நீளமும் எப்படி என்று எழுதுங்கள்" என்று ஒரு வரி. 'நல்லதாக' என்ற சொல் வேண்டாம், உங்கள் வாட்ஸப் எண்ணும் வேண்டாம். இரண்டும் விதிக்கு விரோதம். குறிப்பாகக் கேட்டால் குறிப்பாக எழுதுவார்கள். "கட்டில் ஆறடி, ரெண்டு பக்கமும் தொங்குது" என்று ஒருவர் எழுதியது, 'சூப்பர்' என்ற ரிவ்யூக்களைவிட எங்களுக்கு அதிகப் போர்வை விற்றுக் கொடுத்தது.

இதே சீட்டு விஷயத்தைப் பொருள் விவரத்திலும் சேர்த்துவிடுங்கள். படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள், ரவிக்கைத் துணி உண்டா என்பதையும் போடுங்கள்.

அந்த ஒரு ஸ்டார் எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். உங்கள் கடைக்கான செல்லர் ஃபீட்பேக்கில் முழுக்க முழுக்கச் சேலையைப் பற்றி மட்டும் எழுதியிருந்தால், நீக்கச் சொல்லி அமேசானிடம் கேட்கலாம். பொருளின் ரிவ்யூவில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அவர் பொய் சொல்லவில்லையே.