விடுதித் தோழியே புகாருடன் வந்தால்?

கேள்வி: முதுகலை சமூகப்பணி முதலாண்டு படிக்கிறேன். அடுத்த மாதம் எங்கள் பல்கலைக்கழகத்தின் மாணவர் நலன் அலுவலகத்திலேயே பயிற்சிக்குச் சேர்கிறேன். தங்கியிருப்பதும் இதே வளாகத்தின் விடுதிதான். 'இனிமேல் உள்விஷயமெல்லாம் உனக்குத் தெரிந்துவிடும்' என்று தோழிகள் இப்போதே சொல்கிறார்கள். நாளை அவர்களில் ஒருத்தியே புகாருடன் வந்து, 'யாரிடமும் சொல்லாதே' என்றால் நான் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, மதுரை

பதில்: 'சொல்ல மாட்டேன்' என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், உங்கள் இடத்தில் இருப்பவரால் காப்பாற்ற முடியாத வாக்கு அது. ராகிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1996-இல் மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொலை செய்யப்பட்டதைத் தொடர்ந்து, 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிமுறைகளோ, குற்றமாகக் கருதத்தக்க ராகிங் பற்றித் தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் கல்வி நிறுவனத் தலைவர் காவல்துறையில் முதல் தகவல் அறிக்கை பதிவுசெய்ய வேண்டும் என்கின்றன. தலைவருக்கே ஒரு நாள்தான் அவகாசம் என்னும்போது, பயிற்சி மாணவி அதை மனத்துக்குள் பூட்டிவைக்க இடமே இல்லை. ஆகவே தோழி பேசத் தொடங்கும் முன்பே, 'உரிய அதிகாரியிடம் சொல்லியாக வேண்டும், அவரைத் தவிர வேறு யாருக்கும் என் வழியாகத் தெரியாது' என்று சொல்லிவிடுங்கள். அதற்கும் தயங்கினால், 1800-180-5522 என்ற ராகிங் தடுப்பு உதவி எண்ணை அவரே அழைக்கலாம்.

பாலியல் துன்புறுத்தல் என்றால், நடந்ததைக் கேட்டு நீங்களே எழுதிக்கொள்ளத் தொடங்காதீர்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை விசாரிக்க வேண்டியது, நிறுவனத்துக்குள்ளேயே இதற்கென அமைக்கப்படும் உள்ளகக் குழு. புகாரை எழுத்தில் தர இயலாதவருக்கு எழுத உதவுவதும் அந்தக் குழுவின் பொறுப்பே. பொதுவாகச் சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் புகார் அளிக்க வேண்டும் என்பதை நினைவூட்டி, குழுத் தலைவரின் அறை வரை உடன் செல்லுங்கள், அது போதும்.

ஆனால் உங்கள் பொழுதில் பெரும்பகுதி இவற்றில் கழியாது. போனஃபைடு சான்றிதழிலும் உதவித்தொகையிலும்தான் கழியும். 'எல்லாருக்கும் ஸ்காலர்ஷிப் ஏறிவிட்டது, எனக்கு மட்டும் வரவில்லை' என்று வருபவரை, 'வெயிட் பண்ணுங்கள்' என்று திருப்பி அனுப்புவது எளிது. பல அலுவலகங்களில் அதுதான் நடக்கிறது. அவரை உட்காரவைத்து, வங்கிக் கணக்குடன் ஆதார் இணைந்திருக்கிறதா என்று கேளுங்கள். கைப்பேசி எண்ணுடன் இணைத்ததையே வங்கியுடன் இணைத்ததாக எண்ணியிருப்பவர்கள் உண்டு. இரண்டு கணக்கு வைத்திருப்பவருக்கு, ஆதார் இணைந்த பழைய கணக்கில் பணம் போய்ச் சேர்ந்திருக்கக்கூடும். மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் பெயருக்கு முன்னாலும் ஆதாரில் பின்னாலும் இருந்து விண்ணப்பம் நின்றுபோவதும் உண்டு.

சான்றிதழைத் திருப்பித் தராமல் வைத்திருப்பது போன்ற குறைகளுக்கு, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்கிறது. அது கூடுமானவரை 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். முடிவில் நிறைவில்லாதவர் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். வாய்மொழிப் புகாருக்கு நாள் கணக்குக் கிடையாது என்பதால், மனுவை எழுதி வாங்கி, வரவுப் பதிவேட்டில் எண்ணும் தேதியும் போட்டு, அந்த எண்ணை மாணவரிடமே கொடுத்தனுப்புங்கள்.

தோழிகள் எதிர்பார்க்கும் 'உள்விஷயம்' பெரும்பாலும் மெஸ் பாக்கிப் பட்டியலும் யாருக்கு மெமோ போனது என்பதும்தான். அந்தப் பட்டியல்களை உங்கள் கைப்பேசியில் படமெடுக்காதீர்கள். அதிகாரியே வாட்ஸ்அப்பில் அனுப்ப முற்பட்டால், அலுவலகக் கணினியிலேயே பார்த்துக்கொள்வதாகப் பணிவாகச் சொல்லுங்கள். அறைத்தோழிகள் தொடர்பான கோப்புகளை வேறொருவரிடம் தருமாறு, சேரும் நாளிலேயே எழுதிக் கேட்டுவிடுங்கள். உங்கள் துறையில் களப்பணி அறிக்கை எழுதும்போதும், பெயரோடு விடுதி அறை எண்ணையும் மாற்றிவிடுங்கள்; சிறிய வளாகத்தில் அறை எண்ணே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.