துணி கட்டினோம், பூச்சி வரவில்லை: குடும்பங்களோடு ஓர் அந்துப்பூச்சி இரவை நடத்துவது எப்படி?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் இருபது குடும்பங்கள் சேர்ந்து, பிள்ளைகளுக்காக மாதம் ஒருமுறை இயற்கை நிகழ்ச்சி நடத்துகிறோம். சென்ற மாதம் மொட்டை மாடியில் வெள்ளைத் துணி கட்டி, எல்.இ.டி. பல்பு போட்டு அந்துப்பூச்சிக்காகக் காத்திருந்தோம். கொசு அளவுப் பூச்சிகள்தான் வந்தன. அரை மணி நேரத்தில் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். எங்கே தவறு? இப்படி விளக்குப் போடுவதால் பூச்சிகளுக்குக் கெடுதல் உண்டா என்று ஒரு தாய் கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: நீங்கள் எடுத்தது நல்ல முயற்சி, கைவிட வேண்டாம். விளக்கும் இடமும் இரண்டுமே பொருந்தாமல் போயிருக்கின்றன. எந்த இரவு என்பதையும் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டீர்கள் என்று தோன்றுகிறது. இவற்றைச் சரிசெய்தால் இரண்டு மணி நேரம் போதாமல் போகும். வண்ணத்துப்பூச்சிகளில் பெயரிடப்பட்டவை ஏறத்தாழ 18,000 இனங்கள். அந்துப்பூச்சிகளோ 1,60,000 வரை. பிள்ளைகள் பார்க்காமலே வளர்வது இந்தப் பெரும்பகுதியைத்தான்.

முதலில் விளக்கு. நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி பூச்சிகளின் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். வீட்டு எல்.இ.டி. பல்பில் அது அறவே இல்லை என்றே சொல்லலாம். மஞ்சள் சாயல் கொண்ட பல்பு இன்னும் மோசம். உங்களுக்குத் தேவை 365 முதல் 395 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளி தரும் புற ஊதா எல்.இ.டி. விளக்கு, அல்லது பூச்சிப்பொறிகளில் பயன்படும் 20 வாட் புற ஊதா டியூப். யு.எஸ்.பி.யில் இயங்கும் 10 வாட் எல்.இ.டி.யே குடும்ப நிகழ்ச்சிக்குப் போதும். 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் அதை ஏறக்குறைய மூன்று மணி நேரம் எரிய வைக்கும். மின்கம்பி இழுக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் நடமாடும் இருட்டில் இது பெரிய நிம்மதி.

160 வாட் பாதரச ஆவி விளக்கை யாராவது பரிந்துரைத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பூச்சிகளை அது அள்ளிக் கொண்டுவரும் என்பது உண்மை. ஆனால் கொதிக்கும் அதன் கண்ணாடியில் ஒரு மழைத்துளி விழுந்தாலே வெடிக்கலாம். வெளிக்கண்ணாடி உடைந்த பிறகும் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் கண்ணையும் தோலையும் சுடும் கதிர்கள் வெளிவரும். பிள்ளைகள் சூழ நிற்கும் இடத்துக்கு அது பொருந்தாது.

எல்.இ.டி. என்றாலும் புற ஊதா விளக்கை நேராக உற்றுப் பார்க்கக் கூடாது. துணிக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில், பெரியவர்களின் கண்மட்டத்துக்கு மேல், துணியைப் பார்த்தபடி கட்டுங்கள். பின்புறம் ஓர் அட்டையை மறைப்பாக வையுங்கள். துணியருகே நெடுநேரம் நிற்பவருக்குப் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். நிறமற்ற சாதாரண வகையே புற ஊதாவின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும்.

விளக்கைத் தரையில் வைத்து மேல்நோக்கித் திருப்புவது பலர் செய்யும் பிழை. அதற்கான காரணம் அந்தத் தாயின் கேள்விக்கும் பாதி பதில். பூச்சிகள் விளக்கை விரும்பி வருவதில்லை. இரவில் வானம் தரையைவிட வெளிச்சமாக இருக்கும். வெளிச்சம் இருக்கும் பக்கம் முதுகைத் திருப்பினால் உடல் நேராக நிற்கும் என்பதே பறக்கும் பூச்சிகளின் வழக்கம். நாம் ஏற்றும் விளக்கு அந்தக் கணக்கைக் குலைக்கிறது. பூச்சி விளக்குக்கு முதுகு காட்டித் திரும்பித் திரும்பியே அதைச் சுற்றிச் சிக்கிக்கொள்கிறது. அதிவேகக் கேமராவால் இதைப் படம்பிடித்துக் காட்டிய ஆய்வு 2024 ஜனவரியில் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்தது. ஒளி கீழிருந்து மேலே அடித்தால் பூச்சிகள் தலைகீழாகக் கவிழ்ந்து தரையில் மோதுகின்றன என்பதும் அதில் பதிவானது. ஆகவே ஒளி துணியில் பட்டுப் பரவ வேண்டும். வந்த பூச்சி உட்கார இடம் கிடைக்க வேண்டும்.

துணி 2 மீட்டர் அகலமும் அதற்குக் குறையாத உயரமும் கொண்ட வெள்ளைப் பருத்தி விரிப்பாக இருக்கட்டும். வழவழப்பான நைலான், பாலியஸ்டரில் பூச்சியின் கால் பிடிக்காது. இரு மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டி, கீழ்முனையில் அரை மீட்டர் தரையில் விரியும்படி விட்டு, ஓரங்களில் கல் வையுங்கள். காற்றில் துணி படபடத்தால் உட்கார்ந்தவையும் பறந்துவிடும். தரையில் விரிந்த பகுதி மிக முக்கியம்: கீழே விழும் பூச்சிகள் அதில் கண்ணில் படும்; இல்லாவிட்டால் குழந்தைகளின் காலடியில் நசுங்கும்.

மொட்டை மாடியை விட்டு இறங்கிவிடுங்கள். செடி, புதர், மரம் இருக்கும் ஓரமே சரியான இடம். பூச்சிகள் அங்கேதான் பிறந்து வளர்கின்றன. அந்தப் பக்கத்துத் தெருவிளக்குகளையும் தோட்ட விளக்குகளையும் அன்று இரவு அணைக்கச் சங்கத்திடம் கேட்டு வாங்குங்கள். சுற்றிலும் வெளிச்சம் இருக்கும் இடத்தில் எவ்வளவு நல்ல விளக்கும் எடுபடாது. நாளைப் பொறுத்தவரை அமாவாசைக்கு நான்கைந்து நாள் முன்னும் பின்னும் நல்லது. முழுநிலவில் வரவு வெகுவாகக் குறையும். காற்றில்லாத, புழுக்கமான, மேகம் மூடிய இரவு கிடைத்தால் தேதியை மாற்றியாவது பிடித்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பின் வரும் முதல் வெதுவெதுப்பான இரவுகளுக்கு ஈடில்லை.

சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழித்து விளக்கை ஏற்றுங்கள். முதல் அரை மணியில் வருவது பெரும்பாலும் சிறு ஈக்கள், தத்துப்பூச்சிகள், குட்டி வண்டுகள்தான். உங்கள் பிள்ளைகள் ஓடியது இந்த நேரத்தில்தான். அதனால் குடும்பங்களை விளக்கேற்றும்போதே அழைக்காமல், முக்கால் மணி கழித்து வரச் சொல்லுங்கள். ஒரு துணிக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் நின்றால் பின்னால் இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. இருபது குடும்பம் என்றால் மூன்று துணிகளைத் தள்ளித் தள்ளிக் கட்டலாம், இல்லையேல் அணி அணியாக வரவழைக்கலாம்.

வந்த பிறகு பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதில்தான் இந்த இரவின் உயிர் இருக்கிறது. யார் அதிகம் எண்ணுவது என்று போட்டி வைக்காதீர்கள். எண்ணத் தொடங்கியதும் பார்ப்பது நின்றுவிடும். நான்கைந்து வயதுக் குழந்தைகளிடம் உட்காரும் விதத்தைக் கேளுங்கள்: இறக்கையைத் தட்டையாகத் துணியோடு ஒட்டி விரித்தது எது, கூரைபோல் மடித்தது எது, ஒல்லி இறக்கைகளை ஆங்கில டி (T) எழுத்துப்போல் நீட்டியது எது? பெயர் தெரியாமலே அவர்கள் பூச்சிக் குடும்பங்களைப் பிரித்துவிடுவார்கள். சற்றுப் பெரியவர்கள் கைலென்ஸில் உணர்கொம்பைப் பார்க்கட்டும். சீப்புப்போல் அகன்றிருந்தால் அது பெரும்பாலும் ஆண். பெண்ணின் மணத்தைக் காற்றில் பிடிக்க அந்தப் பரப்பு உதவுகிறது. தடித்த உடலுள்ள பருந்து அந்துப்பூச்சி கிளம்பும் முன் இறக்கையை அதிரவைத்து நடுங்கும். பறக்கும் தசைகள் சூடேறினால்தான் அதனால் எழ முடியும். அந்த நடுக்கத்தைக் காட்டிவிட்டு, எப்போது கிளம்பும் என்று பிள்ளைகளை ஊகிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று எல்லா வயதுக்கும் பொருந்தும். துணியிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். நமக்குக் கேட்கும் சத்தத்தோடு, கேட்காத மீயொலியும் அதிலிருந்து எழுகிறது. வௌவால் இரை தேடும்போது எழுப்பும் ஒலியும் அந்த வகைதான். காதுள்ள அந்துப்பூச்சிகள் சட்டென்று இறக்கையை உதறும், சில பொத்தென்று கீழே விழும், சில தாறுமாறாகப் பறக்கும். காதில்லாத இனங்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஓரிரு முறை போதும். திரும்பத் திரும்பச் செய்தால் பூச்சிக்கு வீண் அலைச்சல்.

இறக்கையைப் பிடிக்க யாரையும் விடாதீர்கள். விரலில் ஒட்டும் பொடி இறக்கையின் செதில்கள். உதிர்ந்தால் மறுபடி முளைக்காது. பூச்சியின் முன்னங்கால் அருகே ஒரு குச்சியை நீட்டினால் தானே ஏறிக்கொள்ளும். மூடியுள்ள ஒளிபுகு டப்பாவில் இட்டுப் பார்ப்பதானால் ஐந்து நிமிடத்துக்குள் விட்டுவிட வேண்டும். பதின்ம வயதினர் நேர் மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், அருகே அளவுகோல் வைத்து ஒரு படம் என எடுத்து, இடமும் தேதியும் சேர்த்து, உயிரினங்களை அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) இணையதளத்தில் ஏற்றலாம். பாதிப் பூச்சிகளுக்கு இனப்பெயர் கிடைக்காமல் போகலாம் என்று முன்பே சொல்லிவையுங்கள். எந்தப் பூச்சிக் குடும்பம் என்பதுவரை கண்டுபிடிப்பதே நல்ல வேலை.

இனி ஆபத்துகள். எறும்புபோல் மெலிந்து, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி வரும், 1 செ.மீ.க்கும் குறைவான ஒரு வண்டு விளக்குக்கு வரும், பெயர் பீடெரஸ். அது கடிக்காது. ஆனால் தோலில் வைத்து நசுக்கினால் உள்ளிருக்கும் நச்சு பட்டு, ஓரிரு நாளில் தீக்காயம்போல் கொப்புளிக்கும். அடிக்கக் கூடாது, ஊதித் தள்ள வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே பிள்ளைகளைச் சொல்லிப் பழக விடுங்கள். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, அந்தக் கையால் கண்ணைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளவிகளும் வரக்கூடும், வந்தால் விளக்கைப் பத்து நிமிடம் அணைத்து வையுங்கள். பூச்சிக்குத் தவளை, தவளைக்குப் பாம்பு என்று வரிசை நீளலாம் என்பதால் எல்லோருக்கும் மூடிய காலணி, முழுக்கால் சட்டை. தலையில் கட்டும் டார்ச் வேண்டாம், பூச்சிகள் முகத்தில் மோதும். சிவப்புத் தாள் சுற்றிய கை டார்ச்சை இடுப்பளவில் பிடிக்கச் சொல்லுங்கள். காதுக்குள் ஏதாவது புகுந்துவிட்டால் குச்சி போட்டுக் குடையாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

விளக்கே வேண்டாம் என்றால் இனிப்புத் தூண்டில் இருக்கிறது. நன்றாகக் கனிந்து கறுத்த மூன்று வாழைப்பழம், கால் கிலோ பழுப்புச் சர்க்கரை, அரை டம்ளர் தண்ணீர் சேர்த்துப் பிசைந்து, ஒரு நாள் புளிக்க வையுங்கள். மூடியை இறுக்கினால் வாயு சேர்ந்து வெடிக்கும். அந்தி மங்கும்போது நூல் கயிறுகளை அதில் நனைத்துக் கிளைகளில் தொங்கவிட்டு, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சிவப்பு ஒளியில் போய்ப் பாருங்கள். மரத்தண்டில் நேராகப் பூசினால் எறும்புதான் முதலில் வரும். பெரிய பட்டு அந்துப்பூச்சிகள் இதற்கு வராது. வளர்ந்த பின் அவற்றுக்கு உண்ணும் வாயே கிடையாது.

அந்தத் தாய்க்கான மீதிப் பதில்: கெடுதல் உண்டு, ஆனால் நம்மால் சிறிதாக்க முடியும். விளக்கைச் சுற்றும் நேரம் இரை தேடவும் இணை தேடவும் வேண்டிய நேரம். விடியும்வரை துணியில் கிடப்பவற்றைக் காலையில் பறவைகள் கொத்திவிடும். அதனால் இரண்டு மணி நேரத்தில், அதிகம் போனால் இரண்டரையில், விளக்கை அணைத்துவிட வேண்டும். இருட்டில் கால் மணி விட்டால் பாதி தானே போய்விடும். மிச்சத்தைச் செடிகளுக்குள் மெல்ல உதறி, மடிப்புகளைப் பிரித்துப் பார்த்த பிறகே துணியைச் சுருட்டுங்கள். அதே இடத்தில் அடுத்த நிகழ்ச்சிக்கு ஒரு மாதமாவது இடைவெளி விடுங்கள். மாதம் ஒருமுறை கூடும் உங்கள் வழக்கத்துக்கு அது தானாகவே பொருந்திவிடும்.