நாப், ஸ்லைடர் அசைன் பண்ணுவது எப்படி? மேடைக் கீபோர்டு கேள்வி பதில்

பங்குனிப் பொங்கலில் தொடங்கிய கச்சேரிகள் ஒருவழியாக முடிந்து கைக்கு ஓய்வு கிடைத்திருக்கிறது. திருகுகிற நாப், மேலும் கீழும் தள்ளுகிற ஸ்லைடர், இவற்றுக்கு வேலை ஒதுக்குவது (அசைன்) பற்றி மட்டும் கேளுங்கள்.

மேலூர்: அண்ணே, என் கீபோர்டில் நாலு ஸ்லைடர். எதை எதுக்கு வைக்கிறது?

முதல் ஸ்லைடர் ஸ்ட்ரிங்ஸுக்கு, அதாவது வயலின் கூட்டச் சத்தத்துக்கு. பியானோவோடு ஸ்ட்ரிங்ஸையும் சேர்ந்து ஒலிக்கும்படி லேயர் வைத்து, பல்லவியில் கீழே இறக்கி, சரணத்தில் மெல்ல ஏற்றுங்கள். அதை வால்யூமில், அதாவது மிடி (கீபோர்டு கட்டளை அனுப்பும் முறை) எண் 7-இல் போடாதீர்கள். எக்ஸ்பிரஷன், எண் 11-இல் போடுங்கள். 7 என்பது ஒத்திகையில் மற்ற சத்தங்களோடு ஒப்பிட்டு நீங்கள் வைத்த உச்சம். 11 அந்த உச்சத்துக்குள்ளேயே ஏறி இறங்கும். அவசரத்தில் மேலே தள்ளினாலும் பாடுகிறவர் குரலை அமுக்காது.

இரண்டாவது ரிவெர்ப், எண் 91. கல்யாண மண்டபம் தானாகவே எதிரொலிக்கும், அங்கே இறக்குங்கள். கோயில் திடலில் ஏற்றலாம். மூன்றாவது கட்ஆஃப், எண் 74. சத்தத்தின் கூர்மையைக் கூட்டும், குறைக்கும். நாலாவதைக் காலியாக விடுங்கள். மேடை இருட்டில் கை தவறிப் பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும்.

எல்லாம் வைத்ததும் ரைட் (Write) பட்டனை அழுத்திச் சேவ் பண்ணுங்கள்.

உசிலம்பட்டி: ஸ்லைடரைத் தொட்டதும் சத்தம் குபீரென்று எகிறுதே?

முந்தைய டோனில் (வாத்தியச் சத்தத்தில்) ஸ்லைடரை மேலே விட்டிருக்கிறீர்கள், புது டோனிலோ மதிப்பு கீழே இருக்கிறது. செட்டிங்கில் ஜம்ப் என்று இருப்பதை கேட்ச் அல்லது பிக்கப் என்று மாற்றுங்கள். ஸ்லைடர் அந்த மதிப்பைக் கடக்கும்வரை சத்தம் அசையாது.

திருமங்கலம்: நேத்து அசைன் பண்ணினது இன்னைக்கு ஆன் பண்ணினா காணோம்.

சேவ் பண்ணவில்லை. ஒரு திருவிழாவில் ஜெனரேட்டர் நின்று, மூன்று மணி நேரம் உட்கார்ந்து நான் வைத்த அத்தனையும் போயிற்று. பாட்டு நிற்கக் கூடாதே என்று வெறும் பியானோவில் ஓட்டினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு ரைட்.

அலங்காநல்லூர்: நாதஸ்வர டோனுக்குப் பிட்ச்சை ஸ்லைடரில் வைத்திருக்கிறேன். சுருதியை வளைக்கிற பெண்டர் எதுக்கு?

வேண்டாம் தம்பி. ஸ்லைடர் அனுப்புவது 0 முதல் 127 வரை, 128 படிதான். மேலே ஒரு ஸ்தாயி, கீழே ஒரு ஸ்தாயி என்று வைத்தால் மொத்தம் 2400 சென்ட் (ஒரு அரைச்சுரம் 100 சென்ட்). ஒரு படிக்குக் கிட்டத்தட்ட 19 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. கமகம் வழுக்காமல் படிக்கட்டில் ஏறும். பெண்டருக்கு மிடியில் 16,384 படி ஒதுக்கியிருக்கிறார்கள்.

அலங்காநல்லூர்: கூட்டத்துல யாருக்கு அண்ணே அது கேக்கப் போகுது?

மதுரைப் பக்கம் நாதஸ்வரம் கேட்காத காது எது? சாமி புறப்பாட்டுக்கு முன்னால் நிஜ நாயனம் கேட்டுவிட்டுத்தான் நம் திடலுக்கு வருகிறார்கள். படி பிசிறினால் முதல் வரிசைப் பெரியவர் முகம் சுருங்கும், நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, பெண்டரை விட்டால் ஸ்பிரிங் அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். ஸ்லைடர் விட்ட இடத்திலேயே நிற்கும். அடுத்த சுரம் முழுவதும் சுருதி விலகி ஒலிக்கும்.

வாடிப்பட்டி: எனக்கும் அசைன் அழிஞ்சிடுது அண்ணே.

திருமங்கலத்துக்குச் சொன்னதேதான்.

சோழவந்தான்: ஆர்கன் டிராபார் தலைகீழா வேலை செய்யுது?

பழைய ஹேமண்ட் ஆர்கனில் டிராபார் என்ற இழுப்புக் கம்பி ஒன்பதையும் தன் பக்கம் இழுத்தால் சத்தம் கூடும். ஸ்லைடரில் பொதுவாக மேலே தள்ளினால் கூடும். சில கீபோர்டில் திசையை மாற்ற வழி உண்டு, மெனுவில் பாருங்கள்.

பேரையூர்: எந்தக் கீபோர்டு வாங்கலாம்?

அது இங்கே வேண்டாம். கடைக்குப் போய் வாசித்துப் பாருங்கள்.

உசிலம்பட்டி: கேட்ச் வைத்தேன், மறுநாள் பழையபடி ஜம்ப்புக்கே வந்திடுச்சு.

சேவ். சேவ். சேவ். இதை இனி யாரும் கேட்க வேண்டாம்.

அலங்காநல்லூர்: சரிண்ணே, பெண்டருக்கே மாத்திட்டேன். தோடி காந்தாரத்துக்கு ரேஞ்ச் எவ்வளவு?

இதைக் கேட்டதற்குச் சந்தோஷம் தம்பி. ரேஞ்ச் 2, அதாவது இரண்டு அரைச்சுரம் போதும், பெரும்பாலான கீபோர்டில் முதலிலேயே அப்படித்தான் இருக்கும். சாதாரண காந்தாரக் கட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே இரண்டு அரைச்சுரத்தில் சுத்த ரிஷபம், மேலே இரண்டில் சுத்த மத்யமம். தோடி காந்தாரம் ஆடுவது இந்த எல்லைக்குள்தான். பெண்டரை முழுசாகத் தள்ளிப் பழகாதீர்கள். முதலில் பாதி தூரம், மெதுவாக, தம்புராவைப் போட்டுக்கொண்டு.